மற்றவை: வேன்

ஆகஸ்ட் 6, 2007, திங்கள்

“மேடம், உங்களுக்கு லேடீஸ் ஜெயில்” என்றார் எங்கள் ஆபீஸ் மேலதிகாரி ஹரிபிரசாத் சார். டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்புறம்தான் அது புதுக் கணக்கெடுப்பு என்று புரிந்தது.

பதினொரு வருடமாகத் தற்காலிகக் களப்பணியாளர். மேடவாக்கத்தில் எருமை எண்ணியிருக்கிறேன். பல்லாவரத்தில் கழிப்பறை எண்ணியிருக்கிறேன், அதில் ஒரு வீட்டில் உள்ளே ஆள் இருக்கும்போதே. இந்த முறை கேட்க வேண்டியது வேறு. சிறையில் இருக்கும் பெண்களிடம் யாராவது தவறாக நடந்தார்களா, தொட்டார்களா, கட்டாயப்படுத்தினார்களா? அரசாங்கமே கேட்கச் சொல்கிறது. ஒழுங்காக முடித்தால் ஜனவரியிலிருந்து இன்னொரு வருடம் நீட்டிப்பு உண்டாம். ஒழுங்காக என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

படிவத்தில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும். எந்தச் சிறை என்றும் வெளியே சொல்லக்கூடாது. ஆகவே இங்கேயும் எழுதவில்லை. தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 7

வீட்டுக்காரரிடம் சொன்னேன். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் இரும்பை மயிரிழை கணக்கில் சீவுகிற மனிதர், இந்த விஷயத்தை வாயால் சொல்ல முடியாமல் சாம்பார் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிர் வீட்டு கங்கம்மாவிடம், நான் ஜெயில் சாப்பாட்டை ருசி பார்க்கும் வேலைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கங்கம்மா வந்து, “அங்க ரசம் எப்படி ஹேமா?” என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 13, திங்கள்

முதல் நாள். மொத்தம் முப்பத்து நான்கு பெண்கள், எல்லோரும் இன்னும் வழக்கு முடியாதவர்கள். கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: பிறர் காதில் விழாத இடத்தில் பேட்டி எடுக்க வேண்டும். சிறைக் கண்காணிப்பாளரும் தலையாட்டினார். ஆனால் வார்டர் ரத்தினபாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முழங்காலை இடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம் தள்ளி இருக்கீங்களா மேடம்?”

“நான் எதையும் கேக்க மாட்டேன். நீங்க பாட்டுக்குப் பேசுங்க.”

இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், அதில் இரண்டு முழம் மல்லி. அதை மடியில் எடுத்துப் போட்டுத் தடவிக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். ஒன்பது பேரிடம் பேசினேன். ஒன்பது பேரும் கேள்வி முடிவதற்குள் “இல்லை” என்றார்கள். ஒருத்தி நான் ஊரைக் கேட்டபோதே “இல்லை” என்றாள்.

ஆகஸ்ட் 14

இன்று அஞ்சம்மாள். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரி, மீன் விற்கிறவள். கூடை வைக்கும் இடத்தைக் காலி செய்யச் சொன்ன அதிகாரியை ஒரு முழு வஞ்சிரத்தால் முகத்தில் அடித்ததாக வழக்கு. ஆயுதத்தைக் கைப்பற்றி ஸ்டேஷனில் வைத்தார்களாம். மூன்றாம் நாள் போலீஸ்காரர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே வீசினார்களாம். “சாட்சியே இல்லாத கேஸு. ஆனா நான் மட்டும் இங்கயே கீறேன்” என்றாள்.

ரத்தினபாய் வழக்கம்போல ஒட்டி உட்கார்ந்திருந்தார். அஞ்சம்மாள் என்னை உற்றுப் பார்த்தாள். “இன்னாமா, உன் தலையில பேன் ஓடுது. திரும்பி உக்காரு, எடுக்கறேன்.”

என் தலையில் பேன் இல்லை. நேற்று வரை சத்தியமாக இல்லை. ஆனால் ரத்தினபாய் நாற்காலியோடு எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். பின்னலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வேப்ப மரம் வரை போய்விட்டார். அங்கிருந்து எங்களைப் பார்க்கலாம், கேட்க முடியாது. கையேடு கேட்டதும் அதுதானே!

மத்தியானத்தில் இங்கே பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து பேன் பார்ப்பது தினமும் நடக்கிற காரியம். அந்த வரிசையில் என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். பேசுகிறவள் எனக்குப் பின்னால், அவள் விரல் என் தலையில். நான் முன்னே பார்த்தபடி மடியில் படிவத்தை வைத்துப் பென்சிலால் குறிக்கிறேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, பேசினார்கள்.

அஞ்சம்மாள்தான் முதலில். கேள்வியைக் கேட்டதும் முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள். “என்ன எவன் தொடுவான்? கவிச்சி நாத்தத்துக்கே காத தூரம் ஓடுவான்.” நானும் சிரித்துவிட்டேன். ‘இல்லை’ என்று குறித்தேன்.

நான்காவதாக வந்தது வெண்ணிலா, இருபத்திரண்டு வயது, வேலை செய்த வீட்டில் செயின் காணாமல் போன வழக்கு. என் வகிட்டைப் பிரித்து, மூடி, மறுபடி பிரித்தாள். அப்புறம் மெதுவாக, “ஆமாக்கா” என்றாள்.

எங்கே என்று கேட்டேன். படிவத்தில் அறை, குளியலறை, சமையலறை, மற்றவை என்று நான்கு கட்டம்.

“வேன்ல.”

ஆகஸ்ட் 17

கையேட்டில் மறுபேட்டி அனுமதி இருக்கிறது. அந்த ஒன்பது பேரையும் மறுபடி வரிசையில் உட்காரவைத்து முடித்துவிட்டேன்.

முப்பத்து நான்கில் ஏழு ‘ஆம்’. ஏழு பேரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள், ஒரே ஆளை. கோர்ட்டுக்கு அழைத்துப்போகும் வேனில் காவலுக்கு வருகிறவன். ஒவ்வொருத்தியாக ஏற்றி, மற்றவர்கள் வருவதற்குள் கதவைச் சாத்துவானாம்.

ஏழு முறை ‘மற்றவை: வேன்’ என்று எழுதினேன். கடைசி முறை பென்சில் முனை உடைந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. பாவி, அவனுக்கு வாரம் ரெண்டு நாள் கோர்ட் டியூட்டியாம்.

ஆகஸ்ட் 18

இப்போது நிஜமாகவே பேன்.

ஆகஸ்ட் 22

மகள் ஜெயப்ரியாவுக்கும் தொற்றிவிட்டது. ஏழாம் வகுப்பு டீச்சர் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குப் பக்கத்தில் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றார். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றாராம். எந்தக் கோவில் என்றதற்கு, வாயில் வந்ததை, சிங்கப்பெருமாள் கோவில் என்றிருக்கிறார். கங்கம்மா பிரசாதம் கேட்கிறாள்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

பிரசாதம் வாங்க மூன்று பேரும் சிங்கப்பெருமாள் கோவில் போய் வந்தோம். நரசிம்மரிடம் மன்னிப்புக் கேட்டேன். கூடவே அந்த வேன் ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன்.

செப்டம்பர் 3, திங்கள்

ஹரிபிரசாத் சார் ஏழு படிவத்தையும் தனியாக எடுத்து வைத்திருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். மின்விசிறிச் சத்தம் மாறினால்கூட மேலிடத்துக்குக் கடிதம் எழுதலாமா என்று யோசிப்பார்.

“மேடம், நம்ம சர்வே ஜெயிலுக்குள்ள நடக்கறதுக்கு. வேன் ரோட்டுல ஓடுது. ரோடு வேற டிபார்ட்மென்ட்.”

“அந்தப் பொண்ணுங்க ரோட்டுல நிக்கலையே சார். காவல்லதானே இருக்காங்க?”

“மத்த எல்லா இடத்துலயும் ஜீரோ வந்திருக்கு. உங்க இடத்துல மட்டும் ஏழுன்னா என்னைத்தான் கேப்பாங்க. நான் கை வைக்க மாட்டேன். நீங்களே வீட்டுல வெச்சு நிதானமா சரி பண்ணிட்டு வாங்க.” மேஜை டிராயரைத் திறந்து ஒரு புது ரப்பரை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தார். ஜனவரி நீட்டிப்புப் பட்டியல் அவர் கையில்தான் தயாராகிறது. அதையும் சொன்னார், வருத்தத்தோடுதான்.

செப்டம்பர் 4

ரப்பர் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. ஜெயப்ரியா எடுக்கப் போனாள், திட்டிவிட்டேன். அழித்தால் என்ன ஆகும்? எனக்கு ஒரு வருடம் சம்பளம். அழிக்காவிட்டால்? ஏழு பேர் சொன்னது அப்படியே இருக்கும், அவ்வளவுதானே, அதனால் மட்டும் வேன் நிற்கப் போகிறதா? ஆனா என்ன நம்பித்தானே சொன்னா அந்தப் பொண்ணு. எழுதிக்கிட்டுப் போய் ரப்பர் போட்டு அழிக்கவா அவ கிட்ட போய் உக்காந்தேன்?

வீட்டுக்காரரிடம் முழுசாகச் சொன்னேன், ஒவ்வொரு சொல்லாக. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில், “அந்த வேன் எங்க நிக்கும்?” என்றார். லேத்காரர் இல்லையா, அளவு கேட்கிறார்.

எங்கே நிற்கும்? நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 6

போய்ப் பார்த்தேன். தெரு குறுகல், வேன் வெளியே நின்றால் தண்ணி லாரி போகாது. ஆகவே பெரிய கேட்டைத் திறந்து உள்ளே விட்டு, சமையலறைச் சுவர் ஓரம் நிறுத்துகிறார்கள். ஏற்றுவது அங்கேதான்.

ரத்தினபாயிடம் கேட் பதிவேட்டைக் கேட்டேன். தர மாட்டார் என்று நினைத்தேன். என் தலையைப் பார்த்தார். பத்தடி தள்ளி நின்று பதிவேட்டை விரித்து, அவரே சத்தமாக வாசித்தார். “ஜூலை மூணு. வேன் உள்ளே எட்டு ஐம்பது. வெளியே ஒன்பது முப்பத்தஞ்சு. எழுதிக்கோங்க. ஜூலை அஞ்சு...” ஒன்றரை மாதத்துக்கு வாசித்தார். நான் எழுதிய தாளைத் தரையில் வைக்கச் சொல்லி, நான் விலகிய பிறகு வந்து எடுத்து, உண்மை நகல் என்று கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

“உங்களுக்குப் பிரச்சினை வராதா மேடம்?”

“கேட்டா காட்டணும், அதான் ரூல். பதினாறு வருஷமா இதை யாரும் கேக்கல.”

செப்டம்பர் 7, வெள்ளி

ஹரிபிரசாத் சாரிடம் ரப்பரையும் தாளையும் சேர்த்துக் கொடுத்தேன். ரப்பரின் உறை பிரிக்கப்படவே இல்லை. முத்திரையைப் பார்த்ததும் அந்த மனிதர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. கண்ணாடியை மாட்டி மூன்று முறை படித்தார். “வேன் காம்பவுண்டுக்குள்ள நாப்பத்தஞ்சு நிமிஷம் நிக்குது” என்றார். “ஆமா சார்.” “அப்ப அது உள்ளதான்.” “ஆமா சார்.” “ஆவணம் இருக்கு.” “இருக்கு சார்.” காகிதம் கையில் இருந்தால் அவர் சிங்கம். ஏழு படிவத்தையும் அப்படியே மற்ற படிவக் கட்டோடு சேர்த்து, மேலே நகலைக் குத்தி, அவரே அரக்கு வைத்தார்.

நவம்பர் 20

அறிக்கை போய்விட்டதாம். அட்டவணையில் எங்கள் வரிசையில் 34, அதற்கு நேரே 7. சார் ஜெராக்ஸ் எடுத்து மடித்து என் கைப்பையில் திணித்தார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லா பண்ணீங்க மேடம்” என்றார்.

டிசம்பர் 31

நீட்டிப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை. கோபமாக இருக்கிறது. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் கோபம்தான். வீட்டுக்காரர் பால் பாயசம் வைத்தார், அடி பிடித்துவிட்டது. சாப்பிட்டோம்.

ஜனவரி 27, 2008, ஞாயிறு

மீன் வாங்கப் போனால் கூடைக்குப் பின்னால் அஞ்சம்மாள். ஜாமீனில் வந்து இருபது நாளாகிறதாம். “இன்னாமா, பேன் போச்சா?” என்று சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தாள். சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள்.

செய்தியும் அவள்தான் சொன்னாள். ஏழு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மேலிருந்து இரண்டு பெண் அதிகாரிகள் போயிருக்கிறார்கள். வேன் ஆளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்களாம், கேஸும் போட்டிருக்கிறார்களாம். பேர் சொல்லி, கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுப்பவர்கள் கொடுக்கலாம் என்று சொன்னார்களாம்.

“வெண்ணிலா போட்டாளா?”

“மொத ஆளா போட்டா. அப்பால ஒவ்வொருத்தியா வந்தாளுங்க. மொத்தம் எட்டு கையெழுத்து.”

“ஏழு பேர்தானே?” என்றேன்.

அவள் சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. “எட்டும்மா” என்றாள். மீனைக் கழுவி, துண்டு போட்டு, பையில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

கோவிலம்பாக்கத்தில் வீடு வரை நடந்தே வந்தேன். அவள் படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்தது நான். சிரித்துக்கொண்டே குறித்தேன்.