சும்மா இருக்க ஒரு படிப்பு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

தையல் கடைக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வாண்டும் நலம். அங்கே நீ நலமாக இல்லை என்பது உன் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. எப்போதும் நாலு பக்கம் எழுதுகிறவள் ஒரு பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறாய்.

டீச்சர் பயிற்சியின் கடைசி வருஷத்தில், குழந்தைகளை வைத்து நடக்கும் வகுப்புத் தேர்வில் தோற்றுவிட்டாய், மறுபடி செய்ய இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்க வேண்டும், அதற்கு மனசில்லை, படிப்பை விட்டுவிட்டு மகள் வாண்டுவிடமே வந்துவிடுகிறேன் என்கிறாய். மாத முடிவுக்குள் கல்லூரியில் பதில் சொல்ல வேண்டுமாம். அதனால்தான் தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, துணி வெட்டும் மேசையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. ஒரு சின்னப் பெண் கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றப் பழகுகிறாள். அவளாக எடுத்துக்கொண்ட வேலை. பிள்ளை தானே செய்து கற்கட்டும் என்று நீ கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. மேசையெல்லாம் வெள்ளமானதும் பொறுக்க மாட்டாமல் ஓடிப்போய்க் கூஜாவைப் பிடித்துவிட்டாய். மதிப்பெண் போட வந்த அம்மாள், குழந்தை கேட்காமலே உதவினாள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். உதவி செய்ததற்காக ஒருத்தியைப் பெயிலாக்குகிற கல்லூரியை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பெண்ணை முதுகுப் பக்கமாகப் பார்த்தால் நம் வாண்டு மாதிரியே இருந்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "சும்மா இருக்கிறதுக்கு ஒரு படிப்பு, அதுலயும் பெயிலா? நான் மூணு பெத்து வளர்த்தேன், எனக்கு யாரு பட்டம் குடுத்தா? பேசாம அவள வரச் சொல்லுடா" என்று பிடித்துக்கொண்டாள். அவள் வாயை அடைக்க என்னால் ஆகுமா? தினமும் வாண்டுவைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறவளும் அவள்தான். அதனால் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் சும்மா இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை என்று போன வாரம் எனக்கே தெரிந்துபோயிற்று. வாண்டு கடைக்கு வந்தவள், ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்றாள். முனை மழுங்கிய பெரிய ஊசி ஒன்றைக் கொடுத்தேன். நீ எழுதுகிறபடிதான் நடந்து பார்ப்போமே என்று என் வேலையைக் கவனித்தேன். அவள் நூலை எச்சில் படுத்துகிறாள், ஊசியைத் தூக்கிப் பிடிக்கிறாள், நூல் வேறெங்கோ போகிறது. மறுபடியும் எச்சில். எனக்குக் கை நமநமவென்கிறது. அந்த அவஸ்தையில் ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன், பார்த்துக்கொள். கடைசியில் ஊசியை வாங்கி ஒரே இழுப்பில் கோத்துக் கொடுத்தேன். அவள் நூலை உருவிப் போட்டாள். "நீ கோத்தா அது உன்னோடதுப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். படுக்கும்வரை என்னோடு பேச்சு இல்லை. உனக்காவது இதையே தொழிலாகக் கற்ற அம்மாள் பெயில் போட்டார். எனக்குப் போட்டது ஐந்து வயசு.

மறுநாளும் வந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினை விட்டுத் திரும்பவே இல்லை. எப்போது கோத்தாள் என்றுகூடத் தெரியாது. சாயங்காலம் பார்த்தால் ஒரு வெட்டுத்துணியில் கோணல்மாணலாக ஒரு வரிசை தைத்து வைத்திருக்கிறாள். என்னிடம் காட்டவில்லை, சபாஷ் கேட்கவில்லை, அடுத்த நூலைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் ஏன் அவ்வளவு கறாராக இருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மேல் இருந்த கோபமும் போயிற்று. முதல் நாள் தோற்ற எனக்கே மறுநாள் வந்தது என்றால் உனக்கு வராதா? மூன்று வருஷமாக இதற்காகவே ராப்பகலாகப் படித்தவள் நீ.

இனி வரும் வரிகளை மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி. அம்மா இல்லாமல் வாண்டு ஏங்கிப்போயிருப்பாள் என்கிறாய். முதலில் ஏங்கினாள், மறைக்கவில்லை. உன் சால்வையைப் போர்த்தினால்தான் தூக்கம் வரும். இப்போது அந்தச் சால்வை அலமாரியில் இருக்கிறது. தானே எழுந்து தானே பல் தேய்க்கிறாள். போனில் உன்னோடு ரெண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடுகிறாளே, அது கோபம் இல்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் விளையாடக் காத்திருப்பார்கள். அம்மா டீச்சராகத்தான் வருவாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இதைப் படித்தால் உனக்குச் சந்தோஷத்தைவிட வலிதான் முதலில் வரும். அழ வேண்டுமென்றால் அழுதுவிடு, தப்பில்லை.

பிள்ளை அழுகிறாள், உடனே வா என்று ஒரு வரி எழுதினால் போதும், நாளைக்கே வண்டி ஏறிவிடுவாய். இந்தத் தாளிலேயே எழுதினேன். பொய் என்பதால் அடித்துவிட்டேன். மேலே மையாகக் கிடக்கிறதே, அதுதான்.

இந்த வீட்டில் ஏங்குகிற ஆள் ஒருவன் இருக்கிறான். நாற்பது வயசாகிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் யாராவது உன்னைப் போலச் சிரித்துவிட்டால், அன்றைக்கு அளவைத் தப்பாகக் குறித்துக்கொள்கிறான். அவனுக்காக நீ படிப்பை விட வேண்டாம். போய்ப் பதில் சொல்லிவிடு, இருக்கிறேன் என்று. ஆறு மாதம் அவன் தாங்குவான். அதற்கு மேல் ஒரு நாள் சேர்த்துக் கேட்டுவிடாதே, தாயே.

வேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரு.

இப்படிக்கு,
உன் டெய்லர்