மேல்மலைக் காற்றுக்கு அளந்த பெட்ரோல்

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய ராஜமுருகன் சாருக்கு,

நதியா எழுதுவது. பழனிச்சாமி மேஸ்திரியின் பட்டறையில் லேப்டாப்போடு நிற்கும் பெண். நீங்கள் போன் செய்தபோது "ம்", "சரிங்க" தவிர என் வாயில் எதுவும் வரவில்லை. "பேச வரலைன்னா எழுதுங்க, பழனி பஸ்ல குடுத்துவிடுங்க, நான் ஸ்டாண்டுல வாங்கிக்கிறேன்" என்றீர்கள். அதனால் இது.

உங்கள் அப்பாவின் பழைய கான்டெஸா காருக்கு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பூட்டியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர் வைத்திருக்கிறேன். எந்த அளவு இன்ஜெக்டர் என்பதில்தான் குழப்பம். நிமிடத்துக்கு 330 மில்லி பெட்ரோல் தெளிப்பது ஒரு செட், 240 தெளிப்பது இன்னொரு செட். பெரியதைப் போட்டால் காலைக் குளிரில், மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போது வண்டி இருமுகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது. சிறியதைப் போட்டால் தையல் மிஷின் போல ஓடுகிறது. ஆனால் ஏரி ரோட்டு மேட்டில் முழுதாக மிதித்தபோது, சின்ன இன்ஜெக்டர் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நேரம் திறந்தே இருந்தது. எண்பத்தைந்தைத் தாண்டாமல் வைக்கச் சொல்லித்தான் படித்திருக்கிறேன். ஐந்துதானே என்றும் தோன்றுகிறது. அந்த ஐந்தை எதற்கு விட்டுவைக்கச் சொன்னார்கள் என்றும் தோன்றுகிறது.

மேஸ்திரி, "சின்னதையே போடு தாயி. வண்டி இருமுச்சுன்னா ஓனர் நம்ம மேலதான் எரிஞ்சு விழுவான்" என்றார். மன்னிக்கவும், அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

சின்னதையே போட்டிருக்கிறேன். வண்டியை எடுத்துப்போய்க் கீழே இறங்கியதும் ஆயக்குடி ரோட்டில் ஒருமுறை முழுதாக மிதியுங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள பெட்டி எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். அதில் செருகியுள்ள பென்டிரைவை மட்டும் பஸ்ஸில் அனுப்பினால் போதும்; நான் ஏரி ரோட்டில் ஓட்டிய பதிவும் அதிலேயே இருக்கிறது. இதுவரை பட்டறையில் பில் எழுதிக்கொண்டிருந்த நான் தனியாக டியூன் செய்த முதல் வண்டி இது.

மரியாதையுடன்,
சி. நதியா


ஆயக்குடி
12 மார்ச் 2025

நதியாவுக்கு,

வண்டி அருமை. வேறென்ன எழுதுறதுன்னு தெரியல. பழனி ரோட்டுல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

கூடையில கொய்யா இருக்கு, எங்க மண்டிச் சரக்குதான். மேஸ்திரிக்குப் பாதி குடுத்துருங்க. நான் பழம் பொறுக்குறதப் பாத்து எங்கம்மா, "ஏலே, யாவாரத்துக்குக்கூட நீ இப்படிப் பொறுக்குனதில்லையே, யாருக்குடா?" ன்னு கேட்டாங்க. இன்ஜினியருக்குன்னு சொன்னேன். "இன்ஜினியரு கொய்யாதான் திம்பாரோ" ன்னுட்டுப் போயிட்டாங்க.

பென்டிரைவ் அப்புறம் அனுப்புறேன். மண்டியில கொஞ்சம் சோலி.

இப்படிக்கு,
ராஜமுருகன்


மூஞ்சிக்கல்
24 மார்ச் 2025

ராஜமுருகன் சாருக்கு,

கொய்யா கிடைத்தது. மேஸ்திரிக்குப் பாதிக்கும் மேலாகவே போய்விட்டது. அம்மாவிடம், இன்ஜினியர் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத்தான் சாப்பிடுவாள் என்று சொல்லுங்கள்.

ஒரு விஷயம் புரியவில்லை. கூடையைக் கொடுத்த கண்டக்டர், "அந்த அண்ணன் மொபெட்ல வந்து குடுத்தாரு. மூஞ்சியே சரியில்ல" என்றார். பறக்கிற வண்டியை வைத்துக்கொண்டு மொபெட் எதற்கு? கேட்கக் கூடாது என்றால் விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டி நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, பண்ணைக்காட்டிலிருந்து குமாரவேல் அய்யா தன் கான்டெஸாவைக் கொண்டுவந்தார். காப்பித் தோட்டக்காரர். அதற்கும் டர்போ பூட்டி, அதே 240 இன்ஜெக்டரைப் போட்டேன். அடுத்த மாதம் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு மதுரைக்கு இறங்குகிறாராம். அதற்குள் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டால் எனக்குத் தூக்கம் வரும். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான். அப்பா பூண்டுக்காட்டில் நின்றுகொண்டு இன்னும் நான் ஆபீசில் வேலை பார்ப்பதாகத்தான் சொல்கிறார். பட்டறையில் கரி பிடித்த கை என்று ஊருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. கைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது.

தயவுசெய்து அனுப்புங்கள்.

நதியா


ஆயக்குடி
2 ஏப்ரல் 2025

நதியாவுக்கு,

பென்டிரைவ் இதோட இருக்கு. வெயில் கூடுதலா இருக்குறதால வண்டிய மூடி வச்சிருக்கேன், வேற ஒண்ணுமில்ல. நீங்க கவலப்படாதீங்க. இந்த வாரம் பழம் வரத்தில்ல.

ராஜமுருகன்


மூஞ்சிக்கல்
6 ஏப்ரல் 2025

ராஜமுருகன் சாருக்கு,

பதிவைத் திறந்தேன். கோப்பின் பெயர் 'பழனி' என்றிருக்கிறது. காற்றின் வெப்பம் பதினாறு டிகிரி. பங்குனி வெயிலில் ஆயக்குடி ரோட்டில் பதினாறு டிகிரியா? காற்றழுத்தம் எங்கள் பட்டறை வாசலில் உள்ள அழுத்தம். ஏரி ரோட்டில் குதிரை குறுக்கே வந்தபோது நான் பிரேக் மிதித்த இடம்கூட இருக்கிறது. இது நான் ஓட்டியது. என் பதிவையே பெயர் மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

முதலில் கோபம்கூட வரவில்லை. எதற்கு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த அழுத்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இங்கே காற்று மெலிசு. கீழே கனம். டர்போ அதே அளவு தள்ளினாலும் கீழே இன்ஜினுக்குள் போகும் காற்று கூடுதல். அதற்கேற்பப் பெட்ரோல் வேண்டும். இங்கேயே தொண்ணூறு பங்கு திறந்திருந்த இன்ஜெக்டர், கீழே முழுக்கத் திறந்தாலும் போதாது. காற்று மிஞ்சி, பெட்ரோல் குறைந்து, சூட்டில் பிஸ்டன் உருகும். மலைமேல் நின்று அளந்துவிட்டு, கீழே போய் மிதியுங்கள் என்று உங்களுக்கு எழுதியதும் நான்தான்.

நான் பதிவைத் திறந்த அன்றைக்குத்தான் குமாரவேல் அய்யா மதுரைக்கு வெள்ளனே கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். மேஸ்திரியிடம் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே போட்டார். "பேசுறதுக்கு அப்புறம் நேரம் கெடக்கு. அவுகள வெரசா நிறுத்து" என்றார். போனில் எனக்குப் பேச்சு வராது என்று உங்களுக்குத் தெரியும். பேசினேன். வத்தலக்குண்டுக்கு இறங்கும் வழியில் டீக்கடையில் நின்றிருந்தார்கள். "ஏம்மா, நேத்துத்தானே நல்லாருக்குன்னு சொன்ன?" என்றார். "தப்பாச் சொல்லிட்டேங்கய்யா, மிதிக்காதீங்க, திருப்புங்க" என்று கத்திவிட்டேன். பின்னால் அவர் வீட்டம்மா, "நல்ல காரியத்துக்குப் போறப்பவா" என்று முணுமுணுத்தது கேட்டது. திருப்பிவிட்டார்கள்.

உங்கள் வண்டிக்கு என்ன ஆனது என்று இப்போது தெரிகிறது. ஏன் மறைத்தீர்கள் என்பதுதான் தெரியவில்லை. இரக்கமா? வேறேதாவதா? எதுவானாலும், உங்களுக்கு நேர்ந்ததை ஒரு வரி எழுதியிருந்தால் நான் இரண்டாவது வண்டியில் அதைப் பூட்டியிருக்க மாட்டேன். அந்த வண்டியில் ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

இனிக் கொய்யா வேண்டாம். பிஸ்டனை அனுப்புங்கள். என் தவறு எப்படியிருக்கும் என்று நான் பார்க்க வேண்டும்.

நதியா


ஆயக்குடி
9 ஏப்ரல் 2025

நதியாவுக்கு,

வண்டி எடுத்த அன்னைக்கே ஆச்சு. நீங்க எழுதுன மாதிரிதான் மிதிச்சேன். மணி அடிச்ச மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரே புகை.

சாவி குடுக்கையில மேஸ்திரி எங்கிட்ட, "இந்த வண்டியில ஒரு கொற வந்துச்சுன்னா அந்தப் புள்ளைய மறுபடி பில்லு எழுதத்தான் விடுவேன்" ன்னாரு. அதுதான் காதுக்குள்ள நின்னுச்சு. நம்ம ஒருத்தன் வாய மூடிக்கிட்டா முடிஞ்சதுன்னு நெனச்சேன். அங்க இன்னொரு வண்டி நிக்கும்னு நெனக்கல. எங்கம்மாகிட்டச் சொன்னேன். "நல்லது செய்றேன்னு அந்தப் பொண்ணு கண்ணக் கட்டி வுட்டுருக்கியேடா" ன்னாங்க.

கூடையில கொய்யா வைக்கல. மூணாவது சிலிண்டர் பிஸ்டன் இருக்கு, நடுவுல விரல் நுழையுற ஓட்டை. பக்கத்துல இருக்குற பென்டிரைவுதான் நெசமானது. அதுல முப்பத்தாறு டிகிரி இருக்கும்.

இன்ஜினப் பிரிச்சுப் போட்டிருக்கேன், மேல கொண்டாற முடியாது. அந்தப் பெரிய 330 இன்ஜெக்டர எடுத்துக்கிட்டு நீங்கதான் கீழ வரணும். எங்க காத்துல நின்னே அளந்து பாருங்க. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.

ஆனா அத எழுதி அனுப்ப வேண்டாம். போன் பண்ணுங்க.

ராஜமுருகன்