கழுவாத கலம்

பதிவு 1. காலை 8.10. ஆழம் 1,840 மீட்டர்.

நீர்மூழ்கிக் கலம் கடல்தரையில் இறங்கிவிட்டது. மின்சாரம், காற்று, தொடர்பு மூன்றும் சீர். உள்ளே நான் ஒருத்திதான்: பியூலா ஞானசெல்வி, செல் உயிரியல். மேலே 'நீலாம்பல்' கப்பலில் தொடர்பு பார்ப்பவர் மிக்கேல்.

எனக்கு முன்னால் கால்பந்து மைதானம் அளவுக்குச் சேற்றில் படர்ந்து கிடப்பது ஒரே ஒரு செல். மூன்று சோதனைகள் அப்படித்தான் சொல்கின்றன. நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. நிறமே இல்லாத உடம்பு. வெள்ளை விளக்கில் பார்த்தால் வெறும் தண்ணீர்.

இன்றைய வேலை: இரும்பைச் சுமந்து செல்லுக்குள் கொண்டுபோகும் ஒரு புரதம். அதில் பச்சைச் சாயம் ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். நீல விளக்கைக் காட்டினால் சாயம் ஒளிரும். செல் தன் உணவை எப்படி உள்ளே இழுக்கிறது என்பதைக் கண்ணால் தொடரலாம்.

இயந்திரக் கையால் புரதத்தைத் தெளித்தேன். மேலிருந்து மிக்கேலின் குரல்:

"என்ன டாக்டரக்கா, போட்ட சாப்பாட்ட அது திங்குதா? இல்ல, நம்ம கப்பல் சாப்பாட்டப் பாத்து நீங்க மூஞ்சியத் திருப்புவியள்லா, அது மாதிரியா?"

நீல விளக்கைப் போட்டேன்.

பதிவு 2. காலை 9.25. ஆழம் 1,840.

திங்கிறது. பச்சைப் புள்ளிகள் செல்லின் மேல் ஒட்டின. ஒட்டிய இடம் குழிந்தது. குழி வாய் மூடிப் பையாகி உள்ளே நகர்ந்தது. நுண்ணோக்கியில் இருபது வருடம் பார்த்த காட்சிதான். இங்கே ஒவ்வொரு பையும் தேங்காய் அளவு.

ஒன்றைக் குறிக்க வேண்டும். தெளிக்கும்போது நீரோட்டம் திரும்பிவிட்டது. புரதம் கலத்தின் மேலேயும் படிந்திருக்கிறது. ஆய்வகத்தில் என்றால் மிச்சச் சாயத்தை மூன்று தடவை கழுவாமல் எதையும் பார்க்க மாட்டோம். இங்கே கழுவ வசதி இல்லை. பாதிப்பு இருக்காது.

பதிவு 3. காலை 10.15. ஆழம் 1,846.

கலம் சாய்ந்தது. சேறு இறங்குகிறது என்று நினைத்தேன். உந்து விசிறிகளை முழு வேகத்தில் இயக்கினேன். நகரவில்லை. வெள்ளை விளக்கில் எதுவும் தெரியவில்லை. நீல விளக்கைப் போட்டேன். நான்கு பக்கமும் பச்சைச் சுவர். தலைக்கு மேல் ஒரு வட்டம் மட்டும் கறுப்பு. அது சுருங்கிக்கொண்டே போனது.

மூடிவிட்டது.

பதிவு 4. காலை 10.50. ஆழம் 1,851.

"அக்கா, எங்க இருக்கிய? போர்வைக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்குது."

நடந்ததைச் சொன்னேன்.

"உங்களயா முழுங்கிட்டு?"

என்னை இல்லை, இரும்பை என்றேன். கலத்தின் அடியில் இரண்டு இரும்புக் கட்டிகள் இருக்கின்றன. அந்தக் கனத்தில்தான் கீழே இறங்குகிறோம். மேலெல்லாம் புரதம், அடியில் இரும்பு. செல்லைப் பொறுத்தவரை நான் இருக்கும் கலம் பெரியதொரு புரதம்.

வெளியே அமிலம் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும் உருண்டை டைட்டானியம், தாங்கும். ஜன்னல் விளிம்புகள் தாங்கா. மாலை வரை கூட வராது.

செல் இந்தப் புரதத்தைச் செரிப்பதில்லை. பைக்குள் அமிலம் ஏறியதும் இரும்பு கழலும். செல் இரும்பை எடுத்துக்கொண்டு வெறும் புரதத்தை வெளியே அனுப்பிவிடும். ஆகவே கட்டிகளைக் கழற்றிவிட்டால் என்னையும் வெளியே அனுப்பலாம். 'லாம்' மட்டும்தான். ஆதாரம் எல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதச் செல்களிலிருந்து வந்தது. இவ்வளவை வைத்துக்கொண்டு முடிவு சொன்ன மாணவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"கழத்திப் போட்டுத் தொலைங்கக்கா. இரும்புதான? பழைய சாமான் கடையில நானே வாங்கித் தாரேன்."

பதிவு 5. பகல் 12.20. ஆழம் 1,849.

கழற்றினேன். கலம் மேலே போய்ப் பையின் கூரையில் முட்டி நின்றது. அவ்வளவுதான். ஒரு மணி நேரமாக அப்படியே. ஜன்னல் விளிம்பில் ஈரம். துணியால் துடைக்கிறேன், திரும்பவும் ஈரம். விரல் எரிகிறது.

மூச்சை எண்ணிப் பழக்கமில்லை. அதன் சத்தத்தைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

12.35. இரண்டு கட்டிகளும் சுவருக்குள் இழுபட்டு மறைந்தன. அமில அளவு இறங்குகிறது. மறுபடி பார்த்தேன். இறங்கத்தான் செய்கிறது. பை நகர்கிறது.

பதிவு 6. பகல் 1.05. ஆழம் 1,790.

வெளியே வந்துவிட்டேன். சுற்றிலும் கறுப்புத் தண்ணீர். இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

"ஏலேய், திரையில புள்ளி ஏறுதுல! டாக்டரக்கா, நெய்மீன் குழம்பு எடுத்து வச்சிருக்கேன். இன்னைக்கு மூஞ்சியத் திருப்புனியன்னா பாருங்க."

சரி என்றேன். குரல் உடைந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

பதிவு 7. பகல் 1.40. ஆழம் 1,020.

ஏறும் வேகம் குறைவு. கனம் எதுவும் இல்லாத கலம் இன்னும் விரைவாக ஏற வேண்டும். கீழ் ஜன்னல் வழியே நீல விளக்கைக் காட்டினேன்.

கலத்தின் அடியிலிருந்து நேர் கீழே ஒரு பச்சை இழை போகிறது. என் கை அளவு தடிமன். நான் ஏற ஏற அது நீள்கிறது. என்னைப் பின்னால் இழுக்கவில்லை. போகவிடுகிறது.

ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன்: வெறும் புரதத்தைச் செல் வீசிவிடுவதில்லை. வெளியே போய் இரும்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரத்தான் அனுப்புகிறது.

எனக்கு மேலே கப்பல் இருக்கிறது. முழுவதும் இரும்பு. உள்ளே நாற்பது பேர்.

பதிவு 8. பகல் 1.55. ஆழம் 640.

கப்பலை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், என்னை ஏற்ற வேண்டாம் என்றேன். இழையைப் பற்றியும் சொன்னேன்.

"காத்து கெட்டுப்போனா இப்படித்தான் பினாத்தச் சொல்லும். பேசாம இருங்கக்கா. ஒரு நூலுக்குப் பயந்தா கடல்ல பொழைக்க முடியுமா? நாங்க வாரோம்."

ஆதாரம் கேட்கிறார். நானும் கேட்டிருப்பேன்.

மிதவைத் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பினேன். கலம் மூழ்க வேண்டும். மூழ்கவில்லை. இழை கீழிருந்து தள்ளுகிறது. இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டேன்.

பதிவு 9. ஆழம் 210.

கப்பலின் விசிறிச் சத்தம் கேட்கிறது. கருவி இல்லாமலே நான் வந்து சேரும் இடத்தைக் கணக்குப் போட்டுவிட்டார். கெட்டிக்காரர்.

போங்கள் போங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இழை இப்போது என் இடுப்பு அளவு. ஜன்னலைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது.

ஆழம் 20.

வெயில். உள்ளே எல்லாம் வெளிச்சம். நீல விளக்கைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தேன். பகலில் சாயம் தெரியவில்லை. வெறும் தண்ணீர்தான்.

"தெரியுதிய டாக்டரக்கா! நூலுமில்ல, ஒண்ணுமில்ல, தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. கொக்கி எறக்குதேன்."

மிக்கேல், வேண்டாம். மிக்கேல், அது அங்கேதான்...

தலைக்கு மேல் டங்கென்று ஒரு சத்தம்.

இரும்பு.