கணையம் ஓய்ந்த சாரல் காலம்

இன்று காலை ரத்தம் எடுக்க வந்த பெண் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். செத்தும் என்னை விடமாட்டேன் என்கிறாயே, நல்ல சிநேகிதிதான் போ!

ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் ஒரே பெஞ்சில் படித்தோம். பள்ளிக்கூடத்துப் பானைத் தண்ணீரை நீ ஒருத்தியே காலி செய்வாய். பாடத்தின் நடுவே எழுந்து எழுந்து வெளியே ஓடுவாய். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. "ஏட்டி, ஒங்க வீட்டுல சோறு போடுதாங்களா இல்லியா?" என்று கேலி செய்தேன்.

"மூணு ஆளு சோறு திங்கேன். எங்க போவுதுன்னே தெரியல" என்றாய்.

உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்: சூடு. நம் ஊரில் மெலிந்தாலும் சூடு, தாகம் எடுத்தாலும் சூடு. "பதநி குடிச்சு, அருவியில நாலு நாள் நின்னா எல்லாம் எறங்கிரும்" என்று, சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் அறை எடுத்தாள். துணைக்கு நானும் வந்தேன். காலையில் செம்பு நிறையப் பதநீர், மாலையில் மலைத்தேன். குடிக்கக் குடிக்க உனக்குத் தாகம் கூடியது.

ஒருநாள் அருவியிலிருந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மேல்மூச்சு வாங்கியது, மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை. "எம்பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டே!" என்று அம்மா அலற, வாடகைக் காரில் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் உன் மூச்சை மோந்து பார்த்தார். ஒரு நீலத் திரவத்தில் உன் சிறுநீரைச் சொட்டுவிட்டு விளக்குத் தீயில் சூடு காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது. "ரத்தத்துல சர்க்கரை கொட்டிக் கெடக்கு. அதை உடம்பு எடுத்துக்க இன்சுலின் வேணும். அதைச் சுரக்கிற கணையம் நின்னுபோச்சு" என்றார்.

"பதநி குடுத்து நாந்தான் நிப்பாட்டிட்டனா ஐயா?"

"இல்லம்மா. பதநியால சர்க்கரை இன்னும் ஏறியிருக்கு. ஆனா கணையம் அதுக்கு முன்னயே நின்னிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

பிறகு கண்ணாடிச் சிரிஞ்சில் தண்ணீர் போல அந்த இன்சுலின் மருந்து. பிழைப்பாயோ மாட்டாயோ என்று அம்மா உன் காலைப் பிடித்தபடி கிடந்தாள். மறுநாள் மத்தியானம் கண்ணைத் திறந்து, "ஏட்டி, பசிக்குது" என்றாய். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாடி, அந்தத் துளியூண்டு மருந்துக்கு இத்தனை சக்தியா! அதுவரை என் வயிற்றுக்குள் அப்படி ஒன்று சுரப்பதையே நான் அறியேன்.

அன்று முதல் தினமும் ஸ்பிரிட் பஞ்சும் ஊசியும். மருந்து கெடாமல் குளிர்ந்திருக்க, ஈரமணல் பானைக்குள் குப்பி. பல வருஷம் கழித்துத்தான் உனக்கு வந்ததன் காரணம் தெரிந்தது. நோய்க்கிருமியை அழிக்க உடம்பு வைத்திருக்கும் காவலே ஆள் தெரியாமல், இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரியென்று அழித்துவிடுகிறதாம். அது ஏன் அப்படித் தடுமாறுகிறது என்பது இன்றும் முழுசாகத் தெரியவில்லை. "சொந்த உடம்பே இப்பிடிச் செய்யுமா!" என்று நான் கொதித்தேன். நீ சிரித்தாய். "என்னையக் காப்பாத்துதோம்னு நெனச்சுத்தானட்டி செஞ்சிருக்கும். எங்கம்மாவும் அப்பிடித்தான பதநி குடுத்தா."

எந்தப் பந்தியிலும் இலையைப் பார்த்து எவ்வளவு மருந்து என்று மனக்கணக்குப் போட்டு, ஊசி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாய். அலுத்துக்கொண்டதே இல்லை. போன கார்த்திகையில் நீ போனபின், சாப்பிட்டு எழுந்ததும் வயிற்றில் கை வைத்துக் கொஞ்சம் நிற்கிறேன். "என்னம்மா, வலிக்கா?" என்கிறாள் மகள். வலியில்லை. நான் கேட்காமலே உள்ளே எனக்காக ஒன்று சுரந்துகொண்டிருக்கிறது. ஆயுள் முழுக்க அந்த வேலையை நீ உன் கையாலேயே செய்தாய்.