ஒரு சாண் தள்ளி

அன்புள்ள அம்மா,

நான் சுகம். ஸ்கந்தபுரத்தில் மழையா? உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று கொழும்பில் செவ்வியல் கிற்றார்க் கச்சேரி, ஒலியமைப்பு என் பொறுப்பு. கிற்றாரிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்தேன். ஒழுங்குசெய்தவர் வந்து, அதைக் கிற்றாரின் ஓட்டையோடு முட்டத் தள்ளினார். ஸ்பீக்கர்கள் மண்டபம் முழுக்கக் கும்மென்று இரைந்தன. உடனே மேடையேறி, "கோயிலில லவுட்ஸ்பீக்கர் கட்டின வன்னிப் பிள்ளை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். சபை சிரித்தது.

மைக்கைத் திரும்பத் தள்ளி வைத்து, "இனித் தொட்டியள் எண்டால் நான் போயிடுவன்" என்றேன். பிறகு ஒவ்வொரு தந்தியும் தெளிவாகக் கேட்டது.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். நீங்களும் அந்த மனுசனைப்போலத்தான் அம்மா. போனை வாயோடு ஒட்டிப் பிடித்தால் உங்கள் மூச்சுத்தான் கேட்கிறது. தள்ளிப் பிடியுங்கள். முற்றத்துக் கோழியும் அப்பாவின் ஏச்சும் எனக்குக் கேட்க வேண்டும்.

பிரஷாந்தினி