பின்சில்லு

ஐப்பசி 3, வெள்ளி

மழை. தேயிலை பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு கிழிந்துவிட்டது, தைக்க வேண்டும். மண்ணெண்ணெய் நாளைக்கு.

போனஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லயத்து வீடுகளில் எல்லோரும் குன்னூர் போய்த் துணி எடுக்கிறார்கள். எனக்கும் மகள் தவமணிக்கும் இந்த வருஷம் தீபாவளி இல்லை. அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. துணி இல்லை, எண்ணெய்ச் சட்டி இல்லை.

சோறு தின்னும்போது மகள் கேட்டாள். "துணி எடுக்காத காச என்னாம்மா பண்ணப் போற?"

"இருக்கட்டும்."

"எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தருவியா?"

பதிமூன்று வயது. அப்பன் செத்த வீட்டில் கேட்கிற கேள்வியா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் போனதிலிருந்து அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நோட்டுப் புத்தகம் தீர்ந்தால்கூடச் சொல்ல மாட்டாள். இதுதான் முதல் தடவை.

ஐப்பசி 4, சனி

அரை நாள் மழை, அரை நாள் மஞ்சு மூட்டம். கொழுந்து நனைந்து கூடை கல்லாகக் கனத்தது. முதுகு வலி.

அது சாதாரண சைக்கிள் இல்லையாம். பி.எம்.எக்ஸ். என்கிறாள். வெடிமருந்து ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இவளோடு படிக்கிற பிள்ளை ஒருத்தி வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே மைதானத்தில் முறை வைத்து ஓட்டுவார்களாம், இவளுக்கும் ஒரு முறை. முன்னால் தூக்குவது, நின்ற இடத்தில் சுற்றுவது, திட்டிலிருந்து குதிப்பது. எங்கேயும் போய்வர இல்லை. வித்தைக்கு மட்டும். பிரீ ஸ்டைல் என்று சொன்னாள்.

"பிரீன்னா சும்மா குடுக்கிறதா?" என்றேன்.

சிரித்தாள். அந்தத் தெற்றுப்பல்லைப் பார்த்து எத்தனை மாசம் ஆகிறது.

கொழுந்தன் வேலு லயத்தில் இரண்டு காம்பரா தள்ளிக் குடியிருக்கிறான், அவன் காதில் விழுந்துவிட்டது. வாசலில் வந்து நின்றான். "மதினி, திருவிழாவுல ராப்பகலா ஒருத்தன் சைக்கிள்லயே சுத்துவானே, பல்லால உரலத் தூக்குவானே, அவன்கிட்டத்தான் இவளச் சேக்கப் போறீங்களா?"

தவமணி சொன்னாள், "உரலத் தூக்க நீங்க வாங்க சித்தப்பா, உங்களுக்குத்தான் பல்லு பெருசு."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "வெளையாட்டு இல்ல. வருஷம் திரும்பாம புதுச் சாமான் வாசப்படி ஏறக் கூடாது. அண்ணனுக்கு ஆகாது" என்றான்.

அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. இங்கே வருவதற்கு முன்னால் இலங்கையில் எங்கள் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தது தபால்காரன் ஒருத்தன். அவனும் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வருவான்.

ஐப்பசி 5, ஞாயிறு

இவளைக் கூட்டிக்கொண்டு குன்னூர் போனேன். பார்க்க மட்டும் என்று சொல்லித்தான். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே சைக்கிள் கடை. கடைக்காரர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர்.

"ஏனுங்க, பொண்ணுக்குங்களா? லேடீஸ் வண்டி இருக்குதுங்களே, முன்னால கூடையோட."

தவமணி, "பிரீ ஸ்டைலுக்கு வேணும்."

"ஃப்ரீவீல்தான் கண்ணு, எல்லா வண்டியும் ஃப்ரீவீல்தான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

புதிது இரண்டு இருந்தன. ஒன்று சிவப்பு, மோட்டார் சைக்கிள் டேங்க் போல பிளாஸ்டிக் மூடி, தங்க எழுத்து. எனக்கு அதுதான் அழகாகத் தெரிந்தது. இவள் விரலால் குழாயைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கடைக்காரரும் ஒளிக்கவில்லை. "இது பாக்கத்தானுங்க பி.எம்.எக்ஸ். ரெண்டு தடவ குதிச்சா கழுத்துல மடங்கிரும். ரோட்டுல ஓட்டுறதுன்னா சரி." இன்னொன்று கனம். கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் வைத்து எருமை மாதிரி நின்றது.

நல்லது வாங்கக் காசு போதாது, காசுக்கு வருவது நல்லதில்லை. அதோடு புதிது. வேலு சொன்னது வேறு.

கிளம்பும்போது கடைக்காரர், "குவார்ட்டர்ஸ்ல ஒரு குடும்பம் வடக்க மாத்தலாகிப் போறாங்க. பையன் வண்டியக் குடுத்துட்டுப் போறேன்னாங்க. பழசு, ஆனா அசல். செவ்வாக்கெழம வந்து பாருங்க."

பழசு. அதற்கு வருஷம் திரும்ப வேண்டாம்.

ஐப்பசி 6, திங்கள்

இலங்கைக் கப்பல் இனி ஓடாது என்று லயத்தில் பேச்சு. தங்கச்சி இன்னும் அங்கேதான். கடிதம் இல்லை.

நாளைக்கு இவளுக்குப் பரீட்சை. நான் ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டப் போகிறேன், அப்படியே கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். மறக்காமலிருக்க எழுதுகிறேன்.

சில்லு இருபது அங்குலம். (அவள் வீல் என்கிறாள். எனக்குச் சில்லுதான்.)
ஹாண்டிலில் குறுக்குக் கம்பி இருக்க வேண்டும். டயர் அகலம்.
குழாய் குழாயோடு ஒட்டின இடத்தில் பெயிண்ட் வெடித்திருந்தால் வேண்டாம். உள்ளே விரிசல்.
பின்சில்லு முக்கியம். குதித்தால் பாரம் அதில்தான் இறங்கும்.
சீட் கிழிந்திருந்தால் பரவாயில்லை. உட்காரவே மாட்டாளாம்.

உட்காராத சைக்கிளுக்கு சீட் எதற்கு என்று கேட்டேன். படிக்கப் போய்விட்டாள்.

ஐப்பசி 7, செவ்வாய்

முதுகுக்குத் தைலம். வேறொன்றும் சொல்லவில்லை.

கடையில் அந்தச் சைக்கிள் இருந்தது. நீலம், பாதி பெயிண்ட் போய்விட்டது. ஹாண்டிலில் குறுக்குக் கம்பி இருந்தது. ஒட்டின இடமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. விலையும் துணிக் காசுக்குள் அடங்கியது. மனசுக்குள் வாங்கியே விட்டேன்.

கடைசியாகக் கேட்டேன். "பின்சில்லு எப்பிடிங்க?"

அவர் குனிந்து பின்னால் பார்த்தார். "சில்லு உடஞ்சிருக்குதுங்க. கெடக்குது உடுங்க, அது இல்லாமயும் ஓடுமுங்க."

சில்லு இல்லாமல் ஓடுமாம். முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார், திரும்பவில்லை.

என் கண்ணுக்கு முழுதாகத்தான் இருந்தது. அன்றைக்குத் தோட்டத்து டிராக்டர் இழுத்த டிரெய்லரின் சில்லும் பார்க்க முழுதாகத்தான் இருந்திருக்கும். தவமணி அப்பா கொழுந்துச் சாக்கு மேலே உட்கார்ந்து வந்தார். தேயிலை ஃபாக்டரி வளைவில் பின்சில்லு கழன்றது.

வீட்டுக்கு வரும் வழியில் டிராக்டர் எதிரே வந்தது. டிரைவர் பழனிச்சாமி வேகத்தைக் குறைத்தான். நான் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு ஓட்டினவன் இவன்தான், போன வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன். ஆபீஸில் விசாரித்தபோது என்ன சொன்னான். "பின்னால கண்ணாடிச் சில்லு ஆடுதுன்னு அண்ணன் சொன்னாருங்க. எறங்கிப் போய் செவப்பு லைட்டுக் கண்ணாடியத் திருகி வச்சுட்டுத்தான் எடுத்தனுங்க." சாகப் போகிற மனுஷன் லைட்டுக் கண்ணாடியைப் பற்றியா பேசுவார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். லயத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவனோடு யாரும் பேசுவதில்லை.

தவமணியிடம் சொன்னேன், பின்சில்லு உடைந்தது, வேண்டாம் என்று. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஐப்பசி 10, வெள்ளி

இவள் பேசுவதில்லை. கேட்டால் ம், இல்லாவிட்டால் ம்ஹும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சைக்கிளைத் தெரியுமாம். "அந்த வீல்ல ஒண்ணும் இல்ல. நீ வாங்கக் கூடாதுன்னுதான் சொல்ற" என்றாள். இவ்வளவுதான் மூன்று நாளில் பேசினது.

வாங்கக் கூடாது என்று நினைத்தேனா. தெரியவில்லை. கொஞ்சம் நினைத்தேன் போல. குதிக்கிற சைக்கிள். எனக்கு இருப்பது இவள் ஒருத்தி.

நாளைக்கு வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயா, பறிக்கிற மலையை மாற்றிக் கொடுக்கிறார். மேல் மலை, ஏற்றம்.

ஐப்பசி 12, ஞாயிறு

இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, அன்னைக்கு அப்படி கோவிச்சுட்டுப் போயிட்டீங்க? நான் என்னங்க சொல்லிப்புட்டேன்?"

தவமணி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சில்லைச் சுற்றிவிட்டாள். ஆடாமல் நேராகச் சுற்றியது.

"எங்க உடஞ்சிருக்கு?" என்று அவரைக் கேட்டாள்.

"எது கண்ணு?"

"பின்சில்லு உடஞ்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன் நான்.

"ஆமாங்க, இதா, பாருங்க." சீட்டுக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம், பாதி பெயர்ந்திருந்தது. வெளிச்சம் பட்டால் மின்னுகிற கண்ணாடி. "இந்தச் சில்லுதானுங்க. நீங்க எதக் கேட்டீங்க?"

நான் கையால் காட்டினேன்.

"அட, வீலுங்களா. சக்கரம்னு சொல்லியிருக்கலாமுங்களே. எங்க ஊர்ல சில்லுன்னா ஒடஞ்ச கண்ணாடிதானுங்க, ஓட்டுத் துண்டுதானுங்க." சிரித்தார். தவமணியும் சிரித்தாள். "அம்மா எப்பவும் இப்பிடித்தான்ங்க, சிலோன் பேச்சு."

நான் பக்கத்திலிருந்த டயர் அடுக்கில் உட்கார்ந்தேன். மழையில் ஏறி இறங்கி வந்த களைப்பு என்று நினைத்துக் கடைக்காரர் டீ சொன்னார்.

பின்சில்லு ஆடுது. தவமணி அப்பா அதைத்தான் சொல்லியிருப்பார். வேறு எப்படிச் சொல்வார், அவர் வாயில் வேறு சொல் கிடையாது. அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் திருகி வைத்திருக்கிறான்.

தவமணி அதற்குள் பிரேக்கை அமுக்கி, ஹாண்டிலை முழங்காலுக்கு நடுவில் வைத்து முறுக்கி, பெடலைச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டு, எல்லாம் பார்த்து முடித்திருந்தாள். இடது பெடல் கரகரப்பு. கடைக்காரர் குண்டு மாற்றி, பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டுக் கொடுத்தார். வேறு யாரோ கேட்டுவிட்டுப் போனார்களாம், மழையில் திரும்பி வரவில்லை. நம் அதிர்ஷ்டம்.

வாங்கியாயிற்று. பஸ் மேலே ஏற்றிக் கயிறு கட்டினோம். வழியெல்லாம் இவள் பேசிக்கொண்டே வந்தாள். என்ன சொன்னாள் என்று நினைவில்லை.

வேலு சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சரி, இன்னொருத்தன் ஓட்டினது. தோஷமில்ல." பிறகு, "இதுக்கு ஏன் மணி இல்ல?" என்றான்.

ஐப்பசி 13, திங்கள்

வெயில் கொஞ்சம் அடித்தது. படங்கு தைத்துவிட்டேன்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் டிராக்டர் நின்றது. நானே போனேன். பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"பழனிச்சாமி."

அவசரமாக இறங்கினான். தலைத் துண்டை எடுத்துவிட்டான். "சொல்லுங்கக்கா."

"நீங்க ஆபீசுல சொன்னது நெசம்தான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"சத்தியமா அவரு சில்லுன்னுதானுங்க சொன்னாரு. நல்லா இறுக்கித்தான் வச்சனுங்க அக்கா. இன்னைக்கும் அது ஆடல, வேணும்னா பாருங்க." கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "நீங்க நம்புனாப் போதுங்க. அப்பறம் எதுக்கு அப்படி ஆச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறனுங்க."

எதுக்கு என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் அவன் மறுபடி அந்த வண்டியில் ஏறுவானா. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்க நான் ஒருத்தி போதும்.

வேலுவிடம், அவன் பொய் சொல்லவில்லை, இனி அவனை ஒன்றும் பேசாதே என்று மட்டும் சொன்னேன். "யாரு சொன்னா?" "நான் சொல்றேன்."

ஐப்பசி 16, வியாழன். தீபாவளி

மஞ்சு. விடியும் முன்பே வெடி. பக்கத்துக் காம்பராவில் முறுக்கு கொடுத்தார்கள், துக்க வீட்டுக்குப் பலகாரம் அவர்கள்தானே தர வேண்டும். அவர் படத்துக்கு விளக்கு மட்டும்.

இன்றைக்குப் பிரட்டு இல்லை. கண்டாக்கு நின்று பேர் கூப்பிடுகிற அந்தக் களம் காலியாகக் கிடந்தது. தவமணி பழைய பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு சில்லும் தரையில் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் விட்டேன். புதுத்துணி போட்ட பிள்ளைகள் எல்லாம் வெடியை விட்டுவிட்டுச் சுற்றி நின்றன. வேலுவும் போய் நின்றான். ரோட்டோரம் டிராக்டர், பழனிச்சாமியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு முன்னால் தூக்கிவிட்டாள். பின்னால் இருப்பது மட்டும் தரையில். அதிலேயே களத்தின் பாதி தூரம் போனாள்.

இறங்கச் சொல்லத்தான் எழுந்தேன். வாயில் வேறு வந்தது.

"பின் வீலு, புள்ள. பின் வீல அடிக்கடி பாத்துக்க."

இங்கே இருக்கிற எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி, சத்தமாக.