பஸ்ஸுக்காக வேண்டிக்கொண்டவள்

என்னங்க, என் உசுருக்கு உசுரானவரே,

உங்கள் வருஷ திதிக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், நம் மகள் செல்வி, உங்கள் தம்பி பழனி, அவர் சம்சாரம் ராஜாமணி. வேறு யாரும் இல்லை. நடந்ததற்கு இந்த நாலு பேர்தான் சாட்சி.

காக்காய்க்குச் சோறு வைக்கும் நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று செல்வி சேலத்திலிருந்து ஸ்கூட்டரிலேயே மலையேறி வந்துவிட்டாள். யாரோ தோழியின் வண்டி, அவளிடமே ஓட்டப் பழகியிருப்பாள் என்று நினைத்தேன். பழனிதான் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"பரவால்லியே கண்ணு! காப்பிச் செடிக்குள்ள வண்டிய உட்டுட்டு அழுத புள்ளையா இது? அண்ணன் இருந்திருந்தா விசிலே அடிச்சிருப்பாரு."

"ஏனுங்க, சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று ராஜாமணி அவர் தொடையில் கிள்ளினாள்.

"எந்தக் காப்பிச் செடி?" என்றேன்.

செல்வி தலை குனிந்தாள். "அப்பாதாம்மா இந்த வண்டிய வாங்கிக் குடுத்து, வெள்ளக்கடை ஊரு ரோட்டுல ஓட்டப் பழக்குனாரு. ஹாஸ்டல உட்டு நொம்ப நாளாச்சு. காலேஜ்ல லேப் முடியறதுக்குள்ள இருட்டிருது, பஸ்ஸு கெடைக்கறதில்ல. இப்ப இருக்கற ரூமும் அப்பா பாத்துக் குடுத்ததுதான்."

"எங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"உங்கம்மா தாங்க மாட்டான்னாரு."

தாங்க மாட்டேனா? ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நிற்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யாருங்க? உப்பு புளிகூட எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் நகராது என்று பெருமை பேசினேனே. பெற்ற பிள்ளை எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்பது தெரியாமல் போனதே.

அதைக்கூடப் பொறுப்பேன். சனிக்கிழமைதோறும் வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் சேர்வராயன் கோயிலுக்கு வந்தேன். குகைக்குள் குனிந்து நின்று, விவரமாகச் சொன்னால்தான் சாமிக்குப் புரியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்க விடாதே, உட்கார இடம் கொடு, கண்ட ஆள் பக்கத்தில் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்" என்றேன். நீங்கள் பக்கத்தில் நின்று, "ஆமா சாமி" என்று கும்பிட்டீர்கள். பிள்ளை ஒரு பக்கம் ஸ்கூட்டரில் போக, காவலை எல்லாம் அவள் ஏறாத பஸ்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேனே! சாமி முன்னாலேயே எப்படி மனசு வந்தது?

சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா? இருப்பேன். ஒரு வாரம் பேசாமலும் இருந்திருப்பேன். அதற்கப்புறம் சரியான தெருப் பெயரைச் சொல்லி வேண்டியிருப்பேன் அல்லவா?

ஸ்கூட்டர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். சாயங்காலம் வரை செல்வி என் பின்னாலேயே வந்தாள்.

"குடும்மா, நாளைக்கு லேப்புக்குப் போவோணும்."

"தர்றேன். நானும் பின்னாடி உக்காந்து வருவேன்."

"கொண்டை ஊசி வளைவுல கத்த மாட்டியே?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு சாமி. கத்தறது என் பாடு."

அவள் அறை, அவள் போகும் ரோடு, இருட்டும் இடம் எல்லாவற்றையும் நாளைக்கு என் கண்ணால் பார்க்கப் போகிறேன். இனி அடுத்தவர் சொல்லைக் கேட்டு வேண்டிக்கொள்ள மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் எதை மறைத்தீர்கள்? கனவிலாவது வந்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள் சம்சாரம்,
செல்வியின் அம்மா